நூற்று முப்பத்தைந்து

கெமி. பிப்ரவரி. நாலு மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
தீயணைப்பு நிலையத்து மாடியில்
எங்கள் நடனக் குழுவின் ஒத்திகை இன்னும் தொடங்கவில்லை.
மீன் நிறுக்கும் கொக்கித் தராசைத்
தன் பேஸ் கிட்டாரின் நடுக்கழுத்தில் மாட்டி
ஒவ்வொரு தந்தியாகத் தூக்கிப் பார்க்கிறாள் ஐலா.
ஒரு விரற்கடை உயர எவ்வளவு கேட்கிறதோ
அதை மின்கட்டண உறையின் முதுகில் எழுதுகிறாள்.
எனக்கென்ன, நான் அக்கார்டியன்காரன்,
என் பாடு காற்றோடும் பொத்தானோடும்.
ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடையில் வாங்கிய கட்டு. ஐந்தும் ஒரே உறையில்,
யார் அளவுக்கோ தைத்த சட்டை.
டி மட்டும் விறைத்து நிற்கிறது
வரி கேட்டு வந்தவன் போல.
ஆகக் கீழே பி,
கொடியில் மறந்துபோன ஈரத்துணி.
தட்டினால் சற்று யோசித்துவிட்டுத்தான் பேசும்,
பேசத் தொடங்கியதும் சுருதி கொஞ்சம் மேலேறி
வெட்கப்பட்டு இறங்கும்.

"ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது?" என்றாள்.
தாம்பெரேயில் ஒருவன் தந்தியை ஒற்றை ஒற்றையாக விற்கிறானாம்,
கேட்ட கனத்தில்.
கணக்கு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில்.
ஜி நாற்பத்தைந்து, அது கிடக்கட்டும்.
டி அறுபத்தைந்திலிருந்து அறுபதுக்கு இறங்கட்டும்.
ஏ எண்பது.
ஈ நூற்றைந்து. அதை மாற்ற அவளுக்கு மனசில்லை,
பதினோரு வருடமாகக் கட்டைவிரல் சாய்ந்திருக்கும் இடம்.
பி.
பென்சில் அங்கே நின்றது.

நூற்று இருபத்தைந்து என்பது அவள் மணிக்கட்டின் விருப்பம்.
பகலெல்லாம் அஞ்சலகத்தில் பார்சல் பிரிக்கிற மணிக்கட்டு.
நூற்று முப்பது எல்லோரும் போடுவது.
நூற்று முப்பத்தைந்து என்றால்
தலைமாட்டில் உள்ள எலும்புப் பள்ளத்தை
அரம் வைத்து அகலப்படுத்த வேண்டும்.
அகன்ற பள்ளம் திரும்பச் சுருங்காது.

தவுனோ வந்தான், தொப்பியில் பனியோடு.
பனிக்கட்டி உடைக்கும் கப்பலின் எஞ்சின் அறையில்
இருபத்திரண்டு வருடம்.
வலது காது அங்கேயே தங்கிவிட்டது. இடதில் பாதி மிச்சம்.
என் துருத்தி விரிவதைப் பார்த்துத் தலையசைப்பான்,
அது மரியாதைக்கு.
டிரம் முக்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான்.
இந்தக் குளிரிலும் வெறும் காலுறையோடுதான் வாசிப்பான்,
ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

ஐலா பி-யை ஒருமுறை தட்டினாள்.
நொடிக்கு முப்பத்தோரு துடிப்பு.
அவன் குதிகாலைப் பலகையில் அழுத்திக்
காத்திருந்தான்.
தரைவழி போன தந்தி,
பாதி எழுத்து நனைந்து போய்ச் சேர்ந்தது.
"ஏதோ வந்தது," என்றான். "என்னவென்று தெரியவில்லை.
போன சனிக்கிழமை டாங்கோவில் இரண்டு இடம் முந்திவிட்டேன்.
யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்."

அவன் பக்கம் திரும்பாமல்
அவள் எழுதினாள்: 135.
"உன் கை?" என்றேன்.
"ஜி-யை நாற்பதாக்கிக்கொள்கிறேன்.
மேலே நான் அழகு காட்டுகிற இடம்தானே அது."

பொதி வர ஒன்பது நாள்.
அரத்தால் இரண்டு இழுப்பு, ஒரு ஊதல்,
மறுபடி இரண்டு இழுப்பு.
எலும்புத்தூள் பல் மருத்துவமனை போல மணத்தது.
தடித்த தந்தி முதலில் பள்ளத்தில் உட்காராமல் அடம்பிடித்தது,
பிறகு உட்கார்ந்தது.
ஐந்தும் சேர்ந்து எண்பத்தெட்டு கிலோ இழுக்கின்றன என்றாள்.
என்னைவிட நாலு கிலோ அதிகம்.
கழுத்துக் கம்பியைக் கால் சுற்று திருப்பி,
ஓர் இரவு விட்டு,
அரைக்கால் சுற்று திரும்பத் தளர்த்தினாள்.

சனிக்கிழமை, மேடைக்குப் போகுமுன்
பி-யை ஒரே ஒருமுறை தட்டினாள்.
தவுனோவின் காலுறைக்குள் விரல்கள் மடங்கி விரிந்தன.
நிமிர்ந்தான்.
"கத்தாதே," என்றான். "கேட்கிறது."

அவள் ஒலியைக் குறைத்தாள்.
குளிரில் என் அக்கார்டியனில் ஒரு பொத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.
அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.